தேயிலைத் தொழிற்சாலையும் லயமும் – இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட கால மலையகக் கட்டடங்கள் பற்றிய ஒரு நோக்கு

தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயா நோக்கிச் செல்லும் ஒருவரின் கண்ணில் முதலிற் படுவது தேயிலைச் செடியின் பசுமை. அடுத்துப் படுவது அப்பசுமையின் நடுவே, வரிசை வரிசையான சன்னல்களுடன் நிமிர்ந்து நிற்கும் வெள்ளிநிறத் தொழிற்சாலை. சற்றுக் கூர்ந்து நோக்கினால், மலைச்சரிவின் மடிப்புகளில் ஒட்டிக்கிடக்கும் தாழ்ந்த தகரக் கூரைகளும் தெரியும். அவை தொழிலாளரின் லயங்கள். செடி, தொழிற்சாலை, லயம் ஆகிய மூன்றும் ஒரே பொருளாதார அமைப்பின் மூன்று உறுப்புகளாகும். செடியைப் பற்றித் தாவரவியலாளரும் பொருளியலாளரும் விரிவாக எழுதியுள்ளனர். லயத்தைப் பற்றி இலக்கியகாரரும் தொழிற்சங்கவாதிகளும் எழுதியுள்ளனர். தொழிற்சாலையையும் லயத்தையும் அருகருகே நிறுத்தி, கட்டடக்கலை வரலாற்றின் கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும். ஒரே காலத்தில், ஒரே முதலீட்டில், ஒரே தகரத்தையும் கல்லையும் கொண்டு எழுந்த இவ்விரு கட்டடங்களும் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்டவையாய் அமைந்தது எவ்வாறு என்பதே ஈண்டு எழும் வினா.

ஐரோப்பாவில் எழுந்த புதுமை

முதலாம் உலகப் போர் முடிவுற்ற 1918ஆம் ஆண்டுக்கும் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலம் மேலைநாட்டுக் கட்டடக்கலையில் ஒரு திருப்புமுனையாகும். அத்திருப்பத்துக்கு வழிகாட்டியது கோவிலோ மாளிகையோ அன்று, தொழிற்சாலையே ஆகும். ஜெர்மனியின் அல்பெல்ட் நகரில் 1911ஆம் ஆண்டு வால்ட்டர் குரோப்பியசும் அடொல்ப் மேயரும் வடிவமைத்த பாகுஸ் தொழிற்சாலையில் சுவரின் இடத்தைக் கண்ணாடி பெற்றது. கட்டடத்தின் பாரத்தை உள்ளிருக்கும் சட்டகம் தாங்க, புறச்சுவர் வெறும் போர்வையாயிற்று. 1919ஆம் ஆண்டு வைமார் நகரில் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளி, பயனிலிருந்தே வடிவம் பிறத்தல் வேண்டும் என்னும் கருத்தைப் பரப்பியது. 1923ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் லெ கோபுசியே, தானியக் களஞ்சியத்தையும் கப்பலையும் விமானத்தையும் கட்டடக் கலைஞருக்கு முன்மாதிரிகளாகக் காட்டினார்.

இக்காலத்துக்குரிய தொழிற்சாலைகளுள் இரண்டு இக்கட்டுரைப் பொருளுக்கு நெருங்கியவை. ஒன்று, இத்தாலியின் டியூரின் நகரில் 1923ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பியட் நிறுவனத்தின் லிங்கொட்டோ தொழிற்சாலை. அதன் கீழ்த்தளத்தில் நுழைந்த மூலப்பொருள் மாடிதோறும் உருப்பெற்று ஏறி, முழுமையான மோட்டார் வண்டியாகக் கூரையை அடைந்தது. கூரையிலேயே ஓட்டப் பாதையும் இருந்தது. மற்றொன்று, 1925க்கும் 1931க்கும் இடையில் ஒல்லாந்தின் ரொட்டர்டாம் நகரில், பிரிங்மன், வான் டெர் பிளுக்ட் ஆகியோரின் வடிவமைப்பில் எழுந்த வான் நெல்லே தொழிற்சாலை. அங்கு பதப்படுத்தப்பட்டுப் பொதியிடப்பட்டவை கோப்பி, தேயிலை, புகையிலை என்பன. குடியேற்ற நாடுகளின் மண்ணில் விளைந்த இம்மூன்று பொருள்களும் கண்ணாடியும் கொங்கிறீற்றும் கொண்ட மாளிகை ஒன்றிற் சென்று சேர்ந்தன. மூலப்பொருள் மேல்மாடிக்கு ஏற்றப்பட்டு, படிப்படியாகக் கீழிறங்கி, பொதியாக வெளியேறியது. அங்கு வேலை செய்வோர் பகல் முழுவதும் இயற்கை ஒளியிலும் தூய காற்றிலும் இருத்தல் வேண்டும் என்பது அக்கட்டடத்தின் வெளிப்படையான குறிக்கோளாகவும் இருந்தது. 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

வான் நெல்லே தொழிற்சாலையின் வரலாற்றைப் படிக்கும் மலையக வாசகர் ஒருவர், அதன் ஒரு முனை மட்டுமே அங்கு கூறப்படுவதை உணர்வார். தேயிலை ரொட்டர்டாமுக்கோ இலண்டனுக்கோ சென்று சேருமுன் அது செடியிலிருந்து பறிக்கப்பட்டு, வாடவைக்கப்பட்டு, உருட்டப்பட்டு, உலர்த்தப்பட்ட இடம் ஒன்று உண்டு. அவ்விடமும் ஒரு தொழிற்சாலையே. கட்டடக்கலை வரலாற்று நூல்களில் அதற்குப் பெயரில்லை; அதைக் கட்டியவருக்கும் பெயரில்லை.

கோப்பிக் களஞ்சியத்திலிருந்து தேயிலைத் தொழிற்சாலைவரை

தோட்டத் தொழிலாளர் தேயிலைத் தொழிற்சாலையை இன்றும் பேச்சுவழக்கில் 'இஸ்டோர்' என்றே கூறுவர். களஞ்சியம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபு இது. தேயிலையைச் செய்யும் இடத்துக்குச் சேமிக்கும் இடத்தின் பெயர் வந்தது ஏன்? இதனைக் கோப்பிக் காலத்தின் எச்சமாகக் கொள்ளலாம். கோப்பித் தோட்டத்தில் விதையை உலர்த்திச் சேமித்துவைத்த கட்டடமே 'ஸ்டோர்' ஆகும். 1869ஆம் ஆண்டு இலங்கையில் முதன்முதலாக அறியப்பட்ட கோப்பி இலைத்துரு நோய் படிப்படியாக அப்பயிரை அழித்தது. கோப்பி போயிற்று, களஞ்சியங்கள் நின்றன. அவற்றிற் பல தேயிலை செய்யும் இடங்களாக மாற்றப்பட்டன. பயிர் மாறியும் பெயர் மாறவில்லை.

தேயிலையின் தொடக்கம் மிக எளியது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். அவர் முதலில் தேயிலை செய்தது தமது பங்களாவின் விறாந்தையிலேயே ஆகும். இலையை மேசைமீது கையால் உருட்டி, கரி அடுப்பின் மேல் உலர்த்தினர். பின்னர் இயந்திரங்கள் வந்தன. வில்லியம் ஜாக்சனின் உருட்டும் இயந்திரமும், பெல்பாஸ்ட் நகரில் சாமுவேல் டேவிட்சன் உருவாக்கிய 'சிரொக்கோ' உலர்த்தியும் கையின் வேலையை ஏற்றன. விறாந்தையில் அடங்கிய தொழில் தனக்கெனக் கட்டடம் ஒன்றை வேண்டிற்று.

அக்கட்டடத்தை மலைக்குக் கொண்டுவந்தது புகையிரதம். 1874இல் நாவலப்பிட்டியையும் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் இரும்புப்பாதை எட்டியது. கப்பலில் கொழும்பு வந்த இரும்புத் தூண்களும் உத்தரங்களும் நெளிதகரமும் இயந்திரங்களும் புகையிரதத்தில் மலையேறி, மாட்டு வண்டியில் தோட்டங்களை அடைந்தன. வோக்கர் நிறுவனம், கொழும்புக் கொமர்ஷல் கம்பனி போன்ற பொறியியல் நிறுவனங்கள் இயந்திரங்களையும் கட்டட உறுப்புகளையும் வழங்கிப் பொருத்தின. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தியதும், கருங்கல்லைச் சுமந்து அத்திவாரம் இட்டதும் உழைப்பாளர் கைகளே. கட்டடக் கலைஞர் எனப் பட்டம் பெற்றோர் பெரும்பாலும் இதில் இடம்பெறவில்லை. தோட்டத் துரையின் தேவையும் பொறியியலாளரின் கணக்குமே வரைபடத்தைத் தீர்மானித்தன.

கொழுந்தின் பாதையே கட்டடத்தின் வடிவம்

இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இத்தொழிற்சாலை முதிர்ந்த வடிவத்தை அடைந்தது. கண்டிக்கு அண்மையில் 1925ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஹந்தானைத் தொழிற்சாலையும், நுவரெலியாவுக்கு அப்பால் கந்தப்பளையில் 1930களில் எழுந்த ஹெதர்செட் தொழிற்சாலையும் அதற்குத் தக்க சான்றுகளாகும். நீண்டு ஒடுங்கிய செவ்வக நிலப்படம். மூன்று அல்லது நான்கு தளங்கள். உள்ளே சம இடைவெளியில் நிற்கும் இரும்புத் தூண்கள். புறத்தே தகரப் போர்வை. நான்கு புறமும் இடைவிடாத சன்னல் வரிசை. துருவைத் தடுக்கும் வெள்ளிநிறப் பூச்சு. அழகுக்கென வைக்கப்பட்ட உறுப்பு ஒன்றேனும் இல்லை. பூண்டுலோயாவைச் சூழ்ந்த தோட்டங்களில் காணப்படும் தொழிற்சாலைகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இவ்வடிவத்தின் காரணத்தை அறியக் கொழுந்தின் பாதையைத் தொடர்ந்து செல்லல் வேண்டும். பறித்த கொழுந்தின் எடையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நீர். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்திலிருந்தே ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். ஆகவே தேயிலை செய்தல் என்பது பெரும்பாலும் நீரை நீக்குதலேயாகும். ஆனால் அதனை விரைந்து செய்தல் ஆகாது. கொழுந்து முதலில் பன்னிரண்டு மணிநேரத்துக்குக் குறையாமல் காற்றில் வாடுதல் வேண்டும். இதற்கென மேல்மாடிகளில் தூண்களுக்கிடையே அடுக்கடுக்காகச் சணற்துணித் தட்டுகள் கட்டப்பட்டு, அவற்றின்மீது கொழுந்து மிக மெல்லியதாகப் பரப்பப்பட்டது. மெல்லியதாகப் பரப்பப் பெரும் பரப்பு வேண்டும். மலைச்சரிவில் சமநிலம் அரிது. எனவே கட்டடம் மேல்நோக்கி வளர்ந்தது. காற்று எப்புறத்திலிருந்தும் நுழைய வேண்டியிருந்ததால் சுவரெங்கும் சன்னலாயிற்று. வறண்ட நாளில் சன்னல்கள் திறக்கப்பட்டன. மழைநாளில் அவை மூடப்பட்டு, கீழே எரியும் அடுப்பின் வெப்பக்காற்றை விசிறிகள் மாடிக்குச் செலுத்தின. இதனால் அச்சன்னல்களைக் காற்றை அளந்து விடும் அடைப்பிதழ்கள் எனலே பொருந்தும்.

வாடிய கொழுந்து மாடியிலிருந்து துவாரத்தின் வழியே கீழே விழுந்தது. பாரமான உருட்டும் இயந்திரங்கள் தரையிலேயே நிற்க முடியும். ஆதலால் உருட்டும் அறை கீழ்த்தளத்தில் அமைந்தது. அடுத்து, நொதிக்கும் அறை. அது குளிர்ந்தும் ஈரமாகவும் இருத்தல் வேண்டும். அதனையடுத்து, உலர்த்தும் அறை. அங்கு வெப்பம் தொண்ணூறு பாகை செல்சியசை எட்டும். இறுதியில் சலித்துத் தரம்பிரிக்கும் அறை. அங்கு நல்ல வெளிச்சம் வேண்டும். இவ்வாறு குளிர், வெப்பம், ஈரம், வறட்சி, ஒளி என்பவை ஒரே கூரையின்கீழ் கொழுந்தின் தேவைக்கேற்பப் பகுக்கப்பட்டன. ஓர் இயந்திரத்தின் விசையை நீண்ட சுழல்தண்டு ஒன்று கட்டடத்தின் நெடுகக் கொண்டுசென்றது. தோல்வார்கள் அதிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்தையும் இயக்கின. கட்டடம் நீண்டு ஒடுங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். விசைக்கு நீராவியும், மலையருவியால் இயங்கிய நீர்ச்சுழலியும், பின்னர் எண்ணெய் எஞ்சினும் பயன்பட்டன.

லிங்கொட்டோவில் பொருள் கீழிருந்து மேலேறியது. வான் நெல்லேயில் மேலிருந்து கீழிறங்கியது. மலையகத் தொழிற்சாலையும் வான் நெல்லேயைப் போலப் புவியீர்ப்பைத் தன் வேலையாளாகக் கொண்டது. சட்டகம் வேறு, போர்வை வேறு, அலங்காரம் இல்லை, செய்முறையே நிலப்படம், ஒளியும் காற்றும் கட்டடத்தின் முதன்மைப் பொருள்கள். ஐரோப்பியக் கலைஞர் கொள்கை அறிக்கைகளில் வற்புறுத்திய யாவும் இங்கு அறிக்கையின்றியே நிறைவேறியிருந்தன. இதனை ஐரோப்பியச் செல்வாக்கு எனக் கூறுதல் தவறாகும். பௌஹவுசைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தோட்டத் துரைமார் தொழிற்சாலை கட்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவின் நெசவாலை, புகையிரதக் கொட்டகை, கண்ணாடிப் பயிர்மனை ஆகியவற்றிலிருந்து வளர்ந்த பெயரற்ற பொறியியல் மரபு ஒன்று உண்டு. ஐரோப்பிய நவீனத்துவம் அம்மரபைக் கண்டு வியந்து அதிலிருந்து கற்றது. தேயிலைத் தொழிற்சாலை அம்மரபின் நேர்வாரிசு. ஒன்று மாணவன், மற்றது பிள்ளை.

கட்டடத்துக்குப் பின்னால் நின்ற அறிவும் கவனிக்கற்பாலது. பூண்டுலோயாவின் ஈட்டன் தோட்டத்தில் வாழ்ந்த எட்வேட் ஏர்ணஸ்ட் கிறீன், செடிகளைத் தாக்கும் செதிற்பூச்சிகளை நுணுகி ஆராய்ந்தார். இலங்கையின் செதிற்பூச்சிகள் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1896 முதற்கொண்டு பகுதி பகுதியாக வெளிவந்தது. அவர் அரசாங்கப் பூச்சியியலாளராகவும் பணியாற்றினார். 1925ஆம் ஆண்டு தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டு, பின்னர் தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. செடியின் வேரும் இலையும், வாடும் கொழுந்தின் ஈரமும், நொதிக்கும் அறையின் வெப்பமும் அளவிடப்பட்டன. கொழுந்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்னும் வினாவுக்கு விடைகாண விஞ்ஞானம் அழைக்கப்பட்டது.

லயம்

அதே கொழுந்தைப் பறித்தவருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்னும் வினா எவ்வாறு கையாளப்பட்டது? இதற்கு விடையாக நிற்பது லயம். நீண்ட கட்டடம் ஒன்று குறுக்குச் சுவர்களால் வரிசையான அறைகளாகப் பிரிக்கப்பட்டது. பத்து அடி அகலமும் பன்னிரண்டு அடி நீளமும் கொண்ட ஓர் அறை, முன்னே ஒடுங்கிய விறாந்தை. ஒரு குடும்பத்தின் வீடு இதுவே. சமையல், உறக்கம், பிள்ளைப்பேறு, நோய், சாவு யாவும் இங்கேயே. இரட்டை லயங்களில் இரு வரிசை அறைகள் முதுகோடு முதுகு ஒட்டிநின்றன. பின்சுவர் பொதுச்சுவராதலின் காற்றுக்கு வழி வாசல் ஒன்றே. சன்னல் இல்லாத அறைகள் பல. அடுப்புப் புகை செல்லப் புகைபோக்கியும் இல்லை. தகரக் கூரையின் உட்புறம் கரிபிடித்தது.

தொழிற்சாலையின் தகரமும் லயத்தின் தகரமும் ஒரே கப்பலில் வந்தவையாகலாம். ஒன்றில் அது நுண்ணிய கருவியின் போர்வை. மற்றதில் வெயிலில் கொதித்து இரவிற் குளிரும் வெறுங்கூரை. தொழிற்சாலையின் நிலப்படத்தைப் பொருளின் இயக்கம் தீர்மானித்தது என மேலே கண்டோம். லயத்தின் நிலப்படத்தைத் தீர்மானித்தது எது? தலைகளை எண்ணும் வசதியே. பிரட்டுக்களத்துக்கு அண்மை, ஒரு நோக்கில் அடங்கும் நேர்வரிசை, ஒரு சுவரை இரு அறைகள் பகிர்வதால் மிச்சமாகும் செலவு. இவ்வகையில் லயமும் பயனிலிருந்து பிறந்த வடிவமே. பயன் யாருக்கு என்பதே வேறுபாடு.

இவ்வேறுபாட்டின் ஆழத்தை 1929ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டுகின்றது. அவ்வாண்டு ஜெர்மனியின் பிராங்பேட் நகரில் நவீன கட்டடக் கலைஞரின் சர்வதேச மாநாடு கூடியது. அதன் பொருள், மிகக் குறைந்த வருவாயுடைய தொழிலாளருக்குரிய குறைந்தபட்ச வீடு. ஒரு மனிதனுக்குக் குறைந்தது எவ்வளவு இடமும் ஒளியும் காற்றும் வேண்டும் என்பதை அறிவியல்வழி நிர்ணயிக்க அவர்கள் முயன்றனர். அந்நகரில் ஏர்ன்ஸ்ட் மேயின் தலைமையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வீடுகள் எழுந்துகொண்டிருந்தன. அதே ஆண்டில் மலையகத்திலும் 'குறைந்தபட்சம்' ஒன்று நிர்ணயிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ், உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் வகுக்கப்பட்டன. உலகப் பொருளாதார மந்தத்தின்போது இவையும் குறைக்கப்பட்டன. கூலிக்குக் கீழெல்லை வகுக்கப்பட்டது. ஆனால் வீட்டைப் பற்றிய கேள்வி சுகாதாரப் பரிசோதகரின் குறிப்பேட்டைத் தாண்டவில்லை.

ஐரோப்பியக் கலைஞர் ஒளியையும் காற்றையும் வற்புறுத்தியதற்கு நோயும் ஒரு காரணமாகும். காசநோய்க்கு அக்காலத்தில் தக்க மருந்து இல்லை. சூரிய ஒளியும் தூய காற்றுமே சிகிச்சை எனக் கருதப்பட்டன. ஒல்லாந்தின் சொனஸ்திரால், பின்லாந்தின் பைமியோ ஆகிய காசநோய் மருத்துவமனைகள் அக்கருத்தின் கட்டட வடிவங்கள். மலையகத்திலும் நோய் இருந்தது. 1916ஆம் ஆண்டு ராக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவு மாத்தளைப் பகுதியில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மலக்கூடங்கள் இன்மையே அந்நோயின் வேர். 1912ஆம் ஆண்டிலேயே தோட்ட மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டிருந்தது. எனினும் சிகிச்சைக்குப் பணம் செலவிடப்பட்ட அளவுக்கு, நோயைத் தோற்றுவித்த கட்டடத்தை மாற்றச் செலவிடப்படவில்லை.

மறுப்பும் விடையும்

இவ்வாறு ஒப்பிடுதல் நியாயமா என வினவலாம். முதலாவதாக, ஐரோப்பாவின் சிறந்ததை இலங்கையின் மோசமானதுடன் ஒப்பிடுதல் தகாது. அக்காலத்து இலண்டன் சேரிகளிலும் பம்பாய்த் தொழிலாளர் குடியிருப்புகளிலும் நிலைமை இழிந்ததே எனக் கூறப்படலாம். இது உண்மையே. இரண்டாவதாக, இக்காலப்பகுதியில் லயங்களிலும் திருத்தம் நிகழ்ந்தது. மண்தரை சீமெந்துத் தரையாயிற்று. கழிவுநீர்க் கான்கள் கட்டப்பட்டன. இரட்டை லயத்துக்குப் பதிலாக ஒற்றை லயங்கள் சில எழுந்தன. இதுவும் உண்மையே. மூன்றாவதாக, தொழிற்சாலையே தொழிலாளருக்குச் சுவர்க்கமாக இருந்ததில்லை. மறைப்பில்லாத தோல்வார்களும் தேயிலைத் தூசியும் இரவு வேலையும் அங்கும் இருந்தன. இலங்கையில் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டிலேயே வந்தது.

மூன்றாவது மறுப்பு இக்கட்டுரையின் கருத்தை வலுப்படுத்துகின்றதேயன்றி மறுக்கவில்லை. தொழிற்சாலையின் ஒளியும் காற்றும் மனிதரை நோக்கியவை அல்ல என்பதற்கு அதுவே சான்று. ஏனைய இரண்டுக்கும் விடை, அக்காலத்தில் வேறு வழி இருந்ததா என்னும் கேள்வியில் அடங்கியுள்ளது. செக்கோசிலோவாக்கியாவின் சிலின் நகரில் பாட்டா பாதணி நிறுவனம் தொழிற்சாலையையும் தொழிலாளர் வீடுகளையும் ஒரே திட்டத்தின் பகுதிகளாகக் கட்டியது. சிறு செங்கல் வீடுகள், ஒவ்வொன்றையும் சூழ்ந்து தோட்டம். அந்நிறுவனம் பொதுவுடைமை நிறுவனம் அன்று, இலாபம் தேடியதே. 1930களில் கல்கத்தாவுக்கு அண்மையில் பாட்டாநகர் என்னும் குடியிருப்பையும் அது உருவாக்கியது. ஆகவே தொழிலாளர் வீட்டைத் திட்டமிடும் அறிவு ஆசியாவின் குடியேற்ற நாடுகளை எட்டாதிருந்தது என்பது பொருந்தாது.

அறிவு இருந்தது, பணமும் இருந்தது. தொழிற்சாலைகளே அதற்குச் சாட்சி. இல்லாதது கட்டாயம். வாடும் அறையிற் காற்றுக் குறைந்தால் தேயிலையின் தரம் குறையும். இலண்டன் ஏலத்தில் விலை குறையும். லயத்தின் அறையிற் காற்றுக் குறைந்தால் எந்த ஏலத்திலும் எதுவும் குறையாது. கொழுந்தின் வாட்டம் கணக்கேட்டில் ஏறியது. மனிதரின் வாட்டம் ஏறவில்லை. மேலும், லயம் வேலையுடன் பிணைக்கப்பட்டிருந்தது. வேலையை இழந்தவர் கூரையையும் இழந்தார். தனக்கு உரிமையில்லாத வீட்டைத் திருத்தத் தொழிலாளிக்கு வழியில்லை. திருத்த வேண்டிய தேவை உரிமையாளனுக்கு இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர்; வீட்டுரிமையைக் கோரும் குரல் மேலும் நலிந்தது. பூண்டுலோயாவுக்கு அண்மையிலுள்ள மடக்கும்புரத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவல் ஒன்றுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டார். லயத்தில் வாழ்வோனுக்கு அறை உண்டு, வீடு இல்லை என்னும் உண்மை அப்பெயரிலேயே அடங்கிவிடுகின்றது.

பின்வந்த வரலாறு

1960களில் வாடவைக்கும் முறை மாறியது. அடியிலிருந்து விசிறியால் காற்றூதும் நீண்ட தொட்டிகள் சணற்துணித் தட்டுகளின் இடத்தைப் பிடித்தன. சிறிய பரப்பில் மிகுந்த கொழுந்தை வாடவைக்க முடிந்ததால், மூன்று நான்கு மாடிகளின் தேவை குறைந்தது. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, 1992 முதல் மீண்டும் தனியார் கம்பனிகளின் நிருவாகத்துக்கு வந்தன. இதற்கிடையே பல தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஹந்தானைத் தொழிற்சாலை திருத்தப்பட்டு, 2001ஆம் ஆண்டு தேயிலை நூதனசாலையாயிற்று. ஹெதர்செட் தொழிற்சாலை 1990களில் உல்லாச விடுதியாக மாற்றப்பட்டது. கொழுந்து வாடிய மாடிகளே அங்கு விருந்தினரின் அறைகளாயின. தூண்களும் சன்னல் வரிசைகளும் பேணப்பட்டன.

இம்மாற்றம் வரலாற்று மாணவருக்கு ஓர் அரிய சான்று. கொழுந்துக்கெனக் கட்டப்பட்ட மாடிகள், அறுபது ஆண்டுகளின் பின் உலகெங்குமிருந்து வரும் மனிதர் விரும்பித் தங்கும் இடங்களாகத் தகுதிபெற்றன. ஒளி, காற்று, உறுதி, ஒழுங்கு யாவும் அவற்றில் இருந்தன. மனிதருக்கெனக் கட்டப்பட்ட லயத்தை அவ்வாறு எவரும் பாதுகாக்க முன்வரவில்லை. அதிலிருந்து வெளியேறுவதே அங்கு வாழ்வோரின் வேண்டுதலாக இருந்துவருகின்றது.

பூண்டுலோயாவின் டன்சினன் தோட்டம் இவ்வரலாற்றின் அண்மைய அத்தியாயத்துக்குக் களமாயிற்று. ஸ்கொத்லாந்தின் குன்று ஒன்றின் பெயரைத் தாங்கிய தோட்டம் அது. ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தாற் புகழ்பெற்ற பெயர். இந்திய அரசின் உதவியுடன் அங்கு கட்டப்பட்ட 404 வீடுகள் 2018ஆம் ஆண்டு தொழிலாளர் குடும்பங்களிடம் கையளிக்கப்பட்டு, அக்குடியிருப்புக்கு மகாத்மா காந்திபுரம் எனப் பெயரிடப்பட்டது. இத்திட்டத்தின்கீழ் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலமும் 550 சதுர அடி வீடும் உரியன. லயத்தின் அறை 120 சதுர அடி. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அவ்வாறு கடந்தோரும் ஒரு பகுதியினரே. மலையகத்தின் பல தோட்டங்களில் லயங்கள் இன்றும் குடியிருப்புகளாகவே உள்ளன.

முடிவாக ஒன்று கூறலாம். இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தின் நவீன தொழிற்கட்டடக்கலை, பயனுக்கேற்ற வடிவம் என்னும் கொள்கையை உலகுக்கு வழங்கியது. மலையகத்தின் தேயிலைத் தொழிற்சாலை அக்கொள்கையின் குறையற்ற எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. அதனைக் கட்டடக்கலை வரலாற்றிற் சேர்த்தல் அவ்வரலாற்றுக்கே பெருமை தரும். எனினும் தொழிற்சாலையை மட்டும் தனித்தெடுத்துப் போற்றுவது பாதி வரலாறே ஆகும். அதன் நிழலில் நின்ற லயத்தையும் ஒரே பக்கத்தில் எழுதும்போதுதான் அக்கொள்கையின் நிறையும் குறையும் ஒருங்கே புலப்படும். பயனுக்கேற்ற வடிவம் என்பது நல்ல அளவுகோலே. அந்த அளவுகோல் முதலில் கொழுந்தின்மீது வைக்கப்பட்டது; மனிதன்மீது வைக்கப்படுவதற்கு ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.